ஆண்டர்சன் என்றால் அந்திரேயா மகன்

ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயருக்கு ‘ஆண்ட்ரூவின் மகன்’ என்று பொருள். ஆண்ட்ரூ வேறு யாருமல்ல, தமிழ் விவிலியம் அந்திரேயா என்று அழைக்கும் சீடர். ஸ்காட்லாந்தின் காவல் புனிதர். தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் ஆண்டர்சன் ஹால் வழியாகப் பழக்கம். அந்தப் பெயருக்கு உரிய ஜான் ஆண்டர்சன், 1837-இல் ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருவில் 59 மாணவர்களோடு பள்ளி தொடங்கியவர். அது கல்லூரியாக வளர்ந்து, சரியாக நூறாண்டு கழித்து 1937-இல் தாம்பரத்தில் சேலையூர்க் காட்டு நிலத்துக்கு வந்தது.

நம்பிக்கை: தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதுவது வெள்ளைக்காரர்களிடம் கற்ற பழக்கம்.

இனிஷியலை ஓரெழுத்தாகச் சுருக்கியது வேண்டுமானால் ஆங்கிலேயர் கால அலுவலகப் பழக்கமாக இருக்கலாம். வழக்கம் மிகப் பழையது. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஆண்டர்சனும் இதே வகையில் பிறந்த பெயர்தான். தொடக்கத்தில் ஆண்ட்ரூ என்பவரின் மகன் மட்டுமே ஆண்டர்சன். அவருக்கு ஜான் என்று பெயர் இருந்தால், அவர் பிள்ளை ஆண்டர்சன் அல்ல, ஜான்சன். தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த பெயர் பின்னர் ஒரு கட்டத்தில் மாறாமல் நின்றுவிட்டது. ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் இந்த மாற்றம் முன்னரே நடந்தது. வட மலைநாட்டில் 18-ஆம் நூற்றாண்டு வரையிலும், ஷெட்லாந்து தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டிலும்கூட மாறும் பெயர்கள் வழக்கில் இருந்தன. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்கு அப்படித்தான்.

பெயர் எப்படி உறைகிறது என்று பார்க்க ஸ்காட்லாந்து வரை போக வேண்டியதில்லை. ஆறுமுகத்தின் மகன் குமார் பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்ப வேறு வழியின்றி அப்பா பெயரை எழுதுகிறார். வெளிநாட்டில் எல்லோரும் அவரை ‘மிஸ்டர் ஆறுமுகம்’ என்கிறார்கள். அங்கே பிறக்கும் மகளின் சான்றிதழிலும் ஆறுமுகம் ஏறிவிட்டால் தாத்தா பெயர் குடும்பப்பெயர் ஆகிவிட்டது. தாழ்நில ஸ்காட்லாந்தில் சில நூற்றாண்டுகளில் நடந்தது இங்கே ஒரே விமானப் பயணத்தில் முடிந்துவிடுகிறது.

நம்பிக்கை: ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள்.

இதுதான் மிகப் பரவலான பிழை. நாட்டின் காவல் புனிதர் பெயரை எந்த ஊரிலும் பிள்ளைக்கு வைப்பார்கள். ஆண்ட்ரூக்கள் எத்தனை ஊரில் இருந்தார்களோ அத்தனை ஊரிலும் தனித்தனியே ஆண்டர்சன்கள் தோன்றினார்கள். இங்கிலாந்திலும் அப்படியே; ஸ்காண்டிநேவியாவில் சற்றே மாறிய எழுத்துக்கூட்டலில் இதே பெயர் மிகுதி. மலைநாட்டின் கேலிக் மொழியில் ‘ஆண்ட்ரூவின் மகன்’ என்ற பொருளுள்ள மெக்கான்ட்ரூ போன்ற பெயர் கொண்டவர்களில் சிலரும் ஆங்கிலச் சூழலில் ஆண்டர்சன் ஆனார்கள்.

சென்னைக்கே இரண்டு ஆண்டர்சன்கள் உண்டு. சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, அதில் சாயப்பூச்சி வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்க முயன்ற மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1738-இல் எடின்பரோ அருகே பிறந்தவர், 1809-இல் மறைந்தார். கல்லூரியின் ஜான் ஆண்டர்சன் 1805-இல் தென்மேற்கே காலோவே பகுதியில் பிறந்தவர். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், இருவரும் சென்னையில் வாழ்ந்தவர்கள். இவ்வளவை வைத்து உறவு கொண்டாடினால், திருச்சி முருகேசனையும் தாம்பரம் முருகேசனையும் பங்காளிகள் என்றும் சொல்லலாம்.

எதிர்ப்புறமும் உண்டு. 1603-இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் மெக்ரெகர் என்ற பெயரையே தடை செய்தார். அந்தக் குலத்தார் கேம்பல், மரே, கிராண்ட் என்று வேறு பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள். இடையில் ஒருமுறை விலகி மறுபடி வந்த தடை, முடிவாக நீங்கியது 1774-இல். ஆகவே ஒரே இரத்தம் நாலைந்து பெயர்களில் ஓடுவதும் சாத்தியம்.

நம்பிக்கை: ‘ஜான்’ என்று தொடங்கி ‘ன்’ என்று முடிந்தால் ஜானின் மகன்.

ஜான் ஆண்டர்சனோடு சென்னையில் பணியாற்றிய ராபர்ட் ஜான்ஸ்டனின் பெயர் காதுக்கு ஜான்சன் போலவே ஒலிக்கும். அது தந்தைப் பெயர் அல்ல. ‘ஜானின் ஊர்’ என்ற இடப்பெயரிலிருந்து வந்தது. கல்லூரியை நாற்பதாண்டுகளுக்கு மேல் வழிநடத்திய வில்லியம் மில்லரின் பெயர் மாவு ஆலைக்காரரைக் குறிக்கும் தொழிற்பெயர். பின்னாளில் முதல்வராக இருந்த மெக்ஃபெய்லின் பெயருக்குப் ‘பவுலின் மகன்’ என்று பொருள். குடும்பப்பெயர்களின் வகைகளை அறிய ஒரே கல்லூரியின் வரலாறு போதும்.

நம்பிக்கை: ‘மேக்’ என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்து, ‘மெக்’ என்று சுருக்கினால் அயர்லாந்து.

இரண்டும் ஒன்றே. கேலிக் மொழியில் மகனைக் குறிக்கும் சொல்லின் முழு வடிவமும் சுருக்கமும்தான் அவை. இரு நாடுகளிலும் இரண்டும் உண்டு. தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே ஊர்க்காரர். அவர் பெயரின் பொருள் ‘கென்னத்தின் மகன்’. அதில் வரும் இசட் உண்மையில் இசட் அல்ல. பழைய ஸ்காட் மொழியின் ‘யோக்’ என்ற எழுத்து அச்சுக்கூடங்களில் இல்லாததால், வடிவில் ஒத்த இசட்டைப் போட்டார்கள். உச்சரிப்பும் நாளடைவில் அதன் பின்னே போனது. ஆங்கிலத்தில் ‘ழ’வுக்கு எழுத்து தேடித் திண்டாடும் தமிழருக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல.

நம்பிக்கை: ஒவ்வொரு குடும்பப்பெயருக்கும் ஆதிமுதல் தனிக் கட்டம்போட்ட துணி உண்டு.

எந்தப் பெயருக்கு எந்தத் துணி என்று சொல்லும் பட்டியல்கள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் உருவாக்கம். 1842-இல் பழஞ்சுவடி என்று வெளியான புகழ்பெற்ற தொகுப்பு ஒன்று போலி என்று பின்னர் அம்பலமானது. துணிக்கடைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

நம்பிக்கை: பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் ஆண்டர்சன், ஜான்சன் என்று யாராவது இருந்தால் அவர் ஆங்கிலோ இந்தியர்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இப்பெயர்கள் கடைசியில் நிற்கும் குடும்பப்பெயர்கள். தமிழ்க் கிறித்தவர்கள் பலர் இதே பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடும் பெயராகவே வைக்கிறார்கள். முன்னால் அப்பாவின் இனிஷியல் நிற்கும். சாமுவேலின் மகன் சா. ஆண்டர்சன் ஆகிறார். ‘ஆண்ட்ரூவின் மகன்’ என்ற பொருள் அங்கே முழுதாக உதிர்ந்துவிட்டது. தந்தையைக் காட்டும் வேலையை ‘சா.’ செய்கிறது.

குடும்பப்பெயரை வைத்து மூதாதையரைத் தேடுவோர் பெயரின் பொருளை விட்டுப் பதிவேடுகளுக்குப் போவது நல்லது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1-இல். அதற்கு முன் தேவாலயப் பங்குப் பதிவேடுகளே துணை. ஜான் ஆண்டர்சன் சென்னையில் இறந்ததும் அதே 1855-இல்தான்.