எந்த ஊர் பாதுகாப்பான ஊர்?

"அந்த ஊருக்குத் தனியாகப் போகாதே; அது திருட்டு ஊர்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஊரில் போய்க் கேட்டாலோ, அவர்கள் நம் ஊரைக் காட்டுகிறார்கள்! அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் எது பாதுகாப்பானது என்று எவ்வாறு அறிவது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 10,000 பேர் வசிக்கின்றனர். ஓராண்டில் 20 குற்றங்கள் பதிவாயின என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஊரில் 2,000 பேர். பதிவான குற்றங்கள் 6. முதல் ஊரே மோசம் எனத் தோன்றும். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிடுவது போல, ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை என்று பார்த்தால், முதல் ஊருக்கு 200. இரண்டாம் ஊருக்கு 300! இதுவே குற்ற விகிதம். எனினும் அச்சிற்றூரில் இரண்டு குற்றங்கள் குறைந்தாலே விகிதம் 200 ஆகிவிடும். ஆகவே சிற்றூர்களை ஓராண்டுக் கணக்கை மட்டும் கொண்டு ஒப்பிடலாகாது. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லையையும் கவனிக்க வேண்டும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அடங்கிய ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 அன்று செயல்படத் தொடங்கியது. சென்னை மாநகரக் காவலில் இருந்த நிலையங்களோடு, திருவள்ளூர் மாவட்டக் காவலில் இருந்த சில நிலையங்களும் இதில் சேர்ந்தன. எல்லை மாறினால் மொத்தக் கணக்கும் மாறும். அதனால் குற்றம் கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பதிவேட்டில் ஏறுவது நடந்த குற்றம் அன்று, சொல்லப்பட்ட குற்றமே. சைக்கிள் திருடு போனால் உடனே புகார் கொடுக்கிறோம். பேருந்தில் தொல்லைக்கு ஆளான பெண்ணோ, "ஊர் என்ன சொல்லும்?" என்று அஞ்சி வாய் மூடிக்கொள்கிறாள். அத்தகைய ஊரின் பதிவேடு வெண்மையாக இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

பெண்கள் தயங்காமல் முறையிடவே 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் கூறுகிறது. சிறுவர் சிறுமியருக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்களும் உள்ளன. இவற்றால் புகார்கள் பெருகினால் ஊர் கெட்டுவிட்டது என்று பொருளன்று; நம்பிக்கை பிறந்திருக்கிறது என்றும் கொள்ளலாம்.

அன்புத் தோழியரே! எரிகோ செல்லும் வழியில் கள்வரால் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிப் போயினர். நல்ல சமாரியன் மட்டுமே நின்றான். அவன் "நீ எந்த ஊர்?" என்று கேட்கவில்லை. ஒருத்தி துன்பத்தைச் சொல்லும்போது நின்று கேட்பவர்கள் இருக்கும் ஊரே பாதுகாப்பான ஊர். நம் ஊரை அவ்வாறு ஆக்குவோமாக!