தொற்று எண்களைப் படிப்பது எப்படி? மஹல்லா குடும்பங்களுக்கு ஒரு பாடம்



கொரோனா காலத்தில் மாலை ஆனதும் எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி, "இன்றைக்கு எத்தனை?" என்பதுதான். தொலைக்காட்சியில் ஓர் எண் ஓடும். அந்த எண்ணை வைத்தே நிக்காஹ் தேதியைத் தள்ளி வைத்தோம், வெளியூர்ப் பிள்ளைகளை வரச் சொன்னோம் அல்லது வர வேண்டாம் என்றோம். கடை திறப்பதும் அடைப்பதும்கூட அதை வைத்துத்தான் முடிவானது. ஆனால் அந்த எண் எப்படி உருவாகிறது, எதைச் சொல்கிறது என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

மழைக்காலம் வந்தால் டெங்கு வருகிறது. காய்ச்சல் பருவங்களில் வேறு வைரஸ்கள் பரவுகின்றன. நாளை இன்னொரு பெருந்தொற்று வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. காதில் விழும் செய்தியைத் தீர விசாரித்த பிறகே அதை வைத்து நடக்க வேண்டும் என்பது அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குத் தரும் கட்டளை. எண்ணும் ஒரு செய்திதான். அதை விசாரிக்க ஐந்து கேள்விகள் போதும். பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை.

அறிக்கையில் என்ன இருந்தது?

தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. அதன் பிறகு மக்கள் நல்வாழ்வுத் துறை தினமும் மாலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொலைக்காட்சி அதன் முதல் வரியை மட்டுமே பெரும்பாலும் சொன்னது. முழு அறிக்கை பல பக்கங்கள் கொண்டது. அன்று எத்தனை மாதிரிகள் சோதிக்கப்பட்டன, எத்தனை நபர்கள் சோதிக்கப்பட்டனர், புதிய தொற்று எத்தனை, வீடு திரும்பியவர் எத்தனை, சிகிச்சையில் இருப்பவர் எத்தனை என்ற விவரங்கள் அதில் இருந்தன. மாவட்ட வாரியாக ஒரு பட்டியலும், 12 வயது வரை, 13 முதல் 60 வரை, 60க்கு மேல் என்று வயது வாரியாக ஒரு பட்டியலும் இருந்தன. இறந்தவர்களைப் பற்றி வயது, மருத்துவமனையில் சேர்ந்த நாள், இறந்த நாள், முன்பே இருந்த நோய்கள் ஆகியவை பெயர் இல்லாமல் தரப்பட்டன.

நம் கேள்விகளுக்கான விடைகளில் பெரும்பகுதி அந்தப் பக்கங்களிலேயே இருந்தது.

கேள்வி 1: எத்தனை பேரைச் சோதித்தார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் திங்கட்கிழமை 1,000 பேரைச் சோதித்ததில் 100 பேருக்குத் தொற்று. செவ்வாய்க்கிழமை 3,000 பேரைச் சோதித்ததில் 150 பேருக்குத் தொற்று. 100 என்பது 150 ஆகிவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சாகும். ஆனால் திங்களன்று நூற்றுக்கு 10 பேர், செவ்வாயன்று நூற்றுக்கு 5 பேர். தேடும் வலை அகலமானதால்தான் அதிகம் பேர் அகப்பட்டார்கள்.

நூறு பேரைச் சோதித்தால் எத்தனை பேருக்குத் தொற்று இருக்கிறது என்பதே தொற்று விகிதம். இந்த விகிதம் இரண்டு வாரங்களாவது 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்த பிறகே கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் வழிகாட்டியது. விகிதம் 15, 20 என்று ஏறினால், கண்டுபிடிக்கப்படாத நோயாளிகள் வெளியே நிறைய இருக்கிறார்கள் என்று பொருள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒருவரிடம் இரண்டு முறை மாதிரி எடுப்பதுண்டு. எனவே மாதிரிகளின் எண்ணிக்கையும் நபர்களின் எண்ணிக்கையும் வேறு வேறு. விகிதம் போடும்போது இரண்டையும் கலக்கக் கூடாது. அடுத்து, தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையையே நம்பியிருந்தது. வேறு சில மாநிலங்கள் விரைவுப் பரிசோதனையையும் பெருமளவு பயன்படுத்தின. விரைவுப் பரிசோதனையில் நோய் இருந்தும் தெரியாமல் போவது அதிகம். ஆகவே மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிடும்போது எந்தப் பரிசோதனை என்பதையும் கேட்க வேண்டும்.

கேள்வி 2: எத்தனை பேர் வாழும் இடம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் சுமார் 46.5 லட்சம் பேர். பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 5.65 லட்சம் பேர். ஒரே நாளில் சென்னையில் 300 பேருக்கும் பெரம்பலூரில் 100 பேருக்கும் தொற்று என்று வைத்துக்கொள்வோம். சென்னைதான் மோசம் என்று தோன்றும். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். சென்னையில் சுமார் 6.5, பெரம்பலூரில் சுமார் 17.7. பெரம்பலூரில்தான் நோய் நெருக்கமாகப் பரவுகிறது. மருத்துவமனைப் படுக்கைகளும் அங்கே குறைவு என்பதைச் சேர்த்துப் பார்த்தால் நிலைமை இன்னும் கடினம்.

2021 மே மாதக் கடைசி வாரத்தில் கோவை மாவட்டத்தின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. கோவையின் மக்கள்தொகை சென்னையைவிட ஏறத்தாழ 12 லட்சம் குறைவு. எண்ணிக்கையில் தெரிந்த வித்தியாசத்தைவிட உண்மையான வித்தியாசம் பெரிது என்பது அப்போதே வகுத்துப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

கேள்வி 3: இது எந்த நாளின் எண்?

இன்றைய அறிக்கையில் இருப்பது இன்று தொற்றியவர்களின் எண் அல்ல. கிருமி தொற்றி, அறிகுறி தெரிந்து, மாதிரி கொடுத்து, முடிவு வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகிவிடும். இறப்பு அதற்கும் பல நாட்கள் பிந்தும். இரண்டாம் அலையில் தமிழ்நாட்டின் தினசரித் தொற்று 2021 மே 21 அன்று 36,184 என்ற உச்சத்தைத் தொட்டது. இறப்புகளின் உச்சம் அதற்குப் பிறகு, மே மாதக் கடைசியில்தான் வந்தது. தொற்று குறையத் தொடங்கிய உடனே ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது தவறு.

ஞாயிறும் பண்டிகை நாளும் சோதனை குறையும், எண்ணும் குறையும். மறுநாள் ஏறும். ஒரு நாள் எண்ணை வைத்து மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். சென்ற வாரச் சராசரியோடு இந்த வாரச் சராசரியை ஒப்பிடுங்கள்.

2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டின் இறப்புக் கணக்கில் ஒரே நாளில் 444 பேர் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் அன்று இறந்தவர்கள் அல்லர். சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் அரசுக் கணக்கையும் ஒரு குழு ஒப்பிட்டுப் பார்த்தபோது, முந்தைய மாதங்களில் விடுபட்டவை என்று தெரிந்த இறப்புகள் அவை. திடீரென்று ஓர் எண் எகிறினால், அது இன்று நடந்ததா, இன்று எழுதப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி 4: யாரைத் தேடிச் சோதித்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதால் நம் சமுதாயம் பட்ட துன்பம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கணக்குச் சொன்னது. நாட்டில் அதுவரை உறுதியான 14,378 பேரில் 4,291 பேர், அதாவது 29.8 சதவீதம், டெல்லி நிஜாமுத்தீன் கூட்டத்தோடு தொடர்புடையவர்கள். தமிழ்நாட்டில் அது 84 சதவீதம். அந்தக் கூட்டத்தின் வழியே நோய் பரவியது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, நோயைப் பரப்புகிறவர்களே இவர்கள்தான் என்று பேசினார்கள். நம் வியாபாரிகளிடம் காய்கறி வாங்கக் கூடாது என்ற பேச்சுவரை போனது.

கணக்கைப் பாருங்கள். அந்த நாட்களில் பரிசோதனை மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், நோயாளிகளோடு பழகியவர்கள், டெல்லிக் கூட்டத்துக்குப் போனவர்கள், அவர்களின் குடும்பத்தார் ஆகியோரே முக்கியமாகச் சோதிக்கப்பட்டார்கள். விளக்கு வைத்துத் தேடிய இடத்தில் நோய் தெரிந்தது, தேடாத இடத்தில் தெரியவில்லை. ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கை 1,372. அதில் 84 சதவீதம் என்றால் சுமார் 1,150 பேர். மே மாதத்தில் கோயம்பேடு சந்தை வழியாகப் பெரிய பரவல் வந்தது, சோதனையும் விரிந்தது. மாதக் கடைசியில் மொத்த எண்ணிக்கை 22 ஆயிரத்தைத் தாண்டியது. முன்பு 84 சதவீதமாக இருந்த அதே 1,150 பேர் இப்போது ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஆட்கள் மாறவில்லை, வகுக்கும் எண் மாறியது.

நோயாளிகளை மத, இன அடிப்படையில் பிரித்துக் காட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதிகாரி மைக் ரயன் 2020 ஏப்ரலிலேயே சொன்னார். தப்லீக் வழக்குகளை ரத்து செய்த மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று 2020 ஆகஸ்டில் கூறியது. அதே பாடம் நமக்கும் உண்டு. நாளை ஒரு தெருவிலோ தொழிலாளர் குடியிருப்பிலோ எண் கூடினால், அந்த மக்களை நாம் ஒதுக்கக் கூடாது. அங்கே எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி 5: எண்ணாமல் விடுபட்டவர்கள் யார்?

2020 ஆகஸ்ட் நிலவரப்படி, கண்டறியப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் உண்மையில் 26 முதல் 32 பேர் வரை தொற்று பெற்றிருக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இரத்தப் பரிசோதனை ஆய்வு மதிப்பிட்டது. இறப்புக் கணக்கிலும் இடைவெளி உண்டு. 2021 முடிவு வரை இந்தியாவின் அதிகாரப்பூர்வக் கொரோனா இறப்புகள் சுமார் 4.8 லட்சம். வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்ற முறையில் உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் வெளியிட்ட மதிப்பீடு சுமார் 47 லட்சம். கணக்கிட்ட முறை சரியில்லை என்று இந்திய அரசு அதை ஏற்க மறுத்தது. விவாதம் எப்படி முடிந்தாலும், அந்த முறை எளிமையானது. சாதாரண ஆண்டுகளில் இந்த மாதத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்ப்பதே அது.

இந்தக் கழித்தலை ஒரு மஹல்லாவே செய்ய முடியும். அதற்கான ஆவணம் நம் மையவாடிப் பதிவேடு.

மையவாடிப் பதிவேடு

பதிவேட்டில் ஒவ்வொரு ஜனாஸாவுக்கும் இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, வயது, ஆணா பெண்ணா, எந்தத் தெரு, வீட்டிலா மருத்துவமனையிலா, குடும்பத்தார் சொன்ன காரணம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஐந்து ஆண்டுப் பதிவு இருந்தால், மாதம் சராசரியாக எத்தனை ஜனாஸா என்பது தெரிந்துவிடும். மாதம் 4 இருந்த இடத்தில் திடீரென்று 9 வந்தால், மாலை அறிக்கைக்குக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, அடக்கத்தலத்தின் பொறுப்பாளருக்கும் இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை உண்டு.

பெயர்கள் பதிவேட்டோடு இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவுக்கு எண் மட்டும் போனால் போதும். நோயுற்ற வீட்டை ஊருக்குக் காட்டிக்கொடுத்தால், அடுத்த வீட்டார் காய்ச்சலை மறைப்பார்கள்.

பதிவு தவறினால் இழப்பு குடும்பத்துக்கு

கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. 50,000 ரூபாய் என்ற தொகையை அக்டோபர் 4 அன்று ஏற்றது. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு கொரோனா இறப்பாகக் கருதப்பட்டது. இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதப்படாதவர்கள் மாவட்டக் குழுவிடம் முறையிட வழி இருந்தது. விண்ணப்பிக்க 2022 மார்ச்சில் காலவரம்பும் வந்தது. பரிசோதனை முடிவு, மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் கையில் இருந்த குடும்பத்துக்கு வேலை எளிதாக முடிந்தது. இல்லாதவர்கள் அலைய வேண்டியதானது.

வீட்டில் நடந்த இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் கட்டணம், பிறகு அதிகாரியின் அனுமதி என்று சிக்கல் கூடும். கணவரை இழந்த சகோதரி அப்போது இத்தாவில் இருப்பார். அவருக்காக அலுவலகம் போய்வர அண்ணனோ மைத்துனரோ இல்லாத வீடுகளுக்கு ஜமாஅத் நிர்வாகம் ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கட்டும். பென்ஷன், காப்பீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் கல்வி உதவி எல்லாவற்றுக்கும் முதல் தாள் அந்தச் சான்றிதழ்தான்.

வீட்டுப் பயிற்சி

பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். 40,000 பேர் வாழும் ஓர் ஊரில் சென்ற வாரம் 560 பேரைச் சோதித்ததில் 28 பேருக்குத் தொற்று. இந்த வாரம் 1,400 பேரைச் சோதித்ததில் 42 பேருக்குத் தொற்று. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சென்ற வாரம் 6, இந்த வாரம் 5. நோய் கூடுகிறதா?

விடை: எண்ணிக்கை ஒன்றரை மடங்கு ஆனது. லட்சம் பேருக்கு 70 என்பது 105 ஆனது. ஆனால் சோதனை இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. தொற்று விகிதம் 5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. மருத்துவமனையில் சேர்வதும் கூடவில்லை. எனவே நோய் வேகமெடுத்ததற்கு இதில் சான்று இல்லை. ஒரு கேள்வி மட்டும் பாக்கி: இந்த வாரம் சோதிக்கப்பட்டவர்கள் காய்ச்சல் உள்ளவர்களா, அல்லது பள்ளிக்கூடத்திலும் பேருந்து நிலையத்திலும் பொதுவாகச் சோதிக்கப்பட்டவர்களா? அது தெரிந்த பிறகே உறுதியாகச் சொல்லலாம். அதுவரை முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கவனமாக இருக்கட்டும்.

மஹல்லாவுக்கு இரண்டு பேர், ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும், இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டால் போதும். தொற்றுக் காலத்தில் வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை, ஐந்து வரியில் நிலவரம் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். சோதித்தவர் எத்தனை, தொற்று எத்தனை, விகிதம் என்ன, சென்ற வாரம் என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன என்ற ஐந்து வரிகள். அதற்கான பதிவேட்டை இன்றே திறந்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், தேவைப்படும் நாளில் ஐந்து ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும்.