பழைய சூதாட்டக் கடனும் முதல் வீட்டுக் கடனும்



ஆன்லைன் ரம்மியில் பணம் விட்ட சகோதரர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். இதை மூடி மறைப்பதில் பயனில்லை. 2020 ஊரடங்கில் கைபேசியில் விளையாட்டாகத் தொடங்கி, கிரெடிட் கார்டிலும் கடன் செயலிகளிலும் பணம் எடுத்து ஆடி, பிறகு தவ்பா செய்து, கஷ்டப்பட்டுக் கடனை அடைத்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது முதல் வீடு வாங்க வங்கிக்குப் போகிறார்கள். பழைய கணக்கு அங்கே எதிரில் வந்து நிற்கிறது. அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பாடம்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. வீட்டுக் கடன் என்பது வட்டிக் கடன்தான். 32 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 27,800 ரூபாய். திருப்பிக் கட்டுவது மொத்தம் 66 லட்சத்துக்கு மேல். சூதும் வட்டியும் இரண்டுமே நமக்குத் தடுக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து மீண்டவர் மற்றொன்றில் கால் வைக்கலாமா, தன்னுடைய நிலை நிர்ப்பந்தம்தானா என்பதை ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. காகிதங்கள் என்ன பேசும் என்பதை மட்டும் சொல்கிறேன். வட்டியில்லாக் கடன் கேட்டு பைத்துல்மாலுக்கு வருகிறவரிடம் நாங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே காகிதங்கள்தான்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரர் எங்களிடம் வந்தார். தனியார் நிறுவனத்தில் 45,000 ரூபாய் சம்பளம். மனைவி பள்ளி ஆசிரியை, 18,000 ரூபாய். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இருவர் பெயரிலும் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டிருந்தது.

"பாய், நான் கடனையெல்லாம் அடைச்சுட்டேனே, இன்னும் ஏன் காட்டுது?" என்றார்.

அடைத்தது எப்படி என்று கேட்டோம். கார்டு பாக்கி 1,10,000 ரூபாய். வசூலுக்கு வந்தவர் 2022-ல், "60,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்றிருக்கிறார். இவரும் கட்டிவிட்டு முடிந்தது என்று இருந்துவிட்டார். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். முழுப் பாக்கியையும் கட்டினால் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று வரும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். தமிழில் இரண்டையும் 'முடிந்தது' என்றுதான் சொல்வோம். வங்கியின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. செட்டில்டு என்றால், கொடுத்தவருக்கு முழுப் பணம் வந்து சேரவில்லை என்று பொருள். கடன் தகவல் நிறுவனங்கள் இந்தத் தகவலைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நாம் மறந்தாலும் அது மறக்காது.

இதற்கு வழி இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்தில் கேளுங்கள்: மீதியைக் கட்டினால் கணக்கை 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா என்று. எழுத்தில் பதில் வந்த பிறகு கட்டுங்கள். கட்டியதும் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். வசூல் முகவரின் வாய்ச்சொல்லை நம்பி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பலர் அந்தப் பயத்தில் பார்ப்பதே இல்லை. நான்கையும் வாங்கிப் பாருங்கள். கடன் செயலிகளில் வாங்கிய 3,000, 5,000 எல்லாம் தனித்தனிக் கணக்காக நிற்கும். கட்டி முடித்தது முடியாததாகக் காட்டுவதும் உண்டு. தவறாக இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கும் உரிமை 2024 ஏப்ரல் முதல் நமக்கு இருக்கிறது.

ஒரு வங்கி மறுத்ததும் அடுத்த வாரமே வேறு நான்கு வங்கிகளுக்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும்.

சகோதரருடைய கதையில் இன்னொரு பகுதி இருந்தது. அதை அவர் இரண்டாம் முறை வந்தபோதுதான் சொன்னார். வங்கி அதிகாரி செட்டில்டு என்பதைக் காட்டிக் காரணம் கேட்டபோது, "அத்தாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் மனைவி. மாமனார் எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கவில்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அதிகாரி ஓராண்டு வங்கிக் கணக்கைப் புரட்டினார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ரம்மி நிறுவனத்துக்கு இரண்டாயிரம், மறுபடி இரண்டாயிரம் போயிருந்தது. யுபிஐயில் பெயரோடு நிற்கிறது.

"ரெண்டே தடவைதான் பாய்" என்றார். நான் அவரை நம்புகிறேன். வங்கி நம்ப வேண்டிய அவசியமில்லை. ஐந்தாண்டுக்கு முந்தைய தவறுக்கு ஒரு அதிகாரி இடம் கொடுக்கலாம். நான்கு மாதத்துக்கு முந்தையதை அவர் பழையது என்று எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே, கடைசிப் பரிமாற்றத்துக்குப் பிறகு ஓராண்டாவது சுத்தமாகக் கழியட்டும், பிறகு விண்ணப்பியுங்கள் என்பது எங்கள் ஆலோசனை. வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி அதை மட்டும் காட்டலாம் என்று தரகர்கள் சொல்வார்கள். சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று கேட்டால் அது உடைந்துவிடும். 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் ஆட்டத்தில் வென்ற நிகரத் தொகைக்கு 30 சதவீத வரி பிடிக்கப்பட்டு, வருமான வரித்துறையின் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கும். அந்தப் படிவத்தையும் வங்கி கேட்கலாம்.

அந்த வென்ற பணம் கையில் மிஞ்சியிருந்தால் அதை வீட்டுக்கு முன்பணமாகப் போடாதீர்கள். அதை எப்படிக் கையை விட்டுக் கழிப்பது என்று ஆலிமிடம் கேளுங்கள்.

முன்பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. 40 லட்சம் வீட்டுக்குக் கையிலிருந்து 8 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்; அது 3,60,000. மொத்தம் 11,60,000 ரூபாய். இதை நகைக் கடனிலோ தனிநபர் கடனிலோ புரட்டினால் அதுவும் அறிக்கையில் ஏறி, மாதத் தவணையைத் தாங்கும் வருமானத்தைத் தின்னும். கைக்கு இறுக்கம் வரும்போதுதான் பழைய ஆட்டத்தின் நினைவு வரும் என்பதை மீண்டவர்களே எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சிறிய வீடாகப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, கூட்டு விண்ணப்பதாரரிடம் சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போடும் மனைவி முழுக் கடனுக்கும் பொறுப்பாகிறார். அந்த உண்மையை அவர் வங்கி மேசையில் தெரிந்துகொள்வது அநியாயம். அந்தச் சகோதரி எங்கள் அலுவலகத்தில் அழவில்லை. "காசு போனது போகட்டும். நான் எதுல கையெழுத்துப் போடப் போனேன்னு எனக்கே தெரியலையே" என்று மட்டும் கேட்டார். கணவர் தலை நிமிரவில்லை.

பின்பு மீதி 50,000 ரூபாயைப் பத்து மாதத்தில் சேர்த்துக் கட்டினார்கள். கணக்கு குளோஸ்டு என்று மாறிவிட்டது. இப்போது சம்பளக் கணக்கின் குறுஞ்செய்தி மனைவியின் கைபேசிக்கும் போகிறது. அவர் கேட்டதல்ல, கணவரே ஏற்பாடு செய்தது. 27 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். ஆலிமிடமும் போய்க் கேட்டு வந்திருக்கிறார்கள். இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆனாலும் கை பரபரக்கிறவர்கள் வெட்கப்படாமல் 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் அச்செடுத்து எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ். கூட்டாக விண்ணப்பிப்பவர்கள் இருவருமே வாருங்கள்.