பளுப்பயிற்சிக் கூடத்தில் முதல் நாள்: புதியவரின் தயக்கமும் அதனைக் கடக்கும் முறையும்

யங்கோன் நகரின் நடுப்பகுதியில் உள்ள பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. மேல்மாடிகளில் குடியிருப்போர் கயிற்றைத் தொங்கவிட்டுச் செய்தித்தாளையும் சிற்றுண்டியையும் மேலே இழுத்துக்கொள்வது இந்நகரின் அன்றாடக் காட்சி. கயிற்றில் ஏறாத சுமைகள் படிக்கட்டின் வழியாகவே ஏற வேண்டும்: அரிசி, எண்ணெய், குடிநீர், சில வேளைகளில் உறங்கிவிட்ட பேரக்குழந்தை. ஐம்பது வயதைக் கடந்தவருக்கு இப்படிகள் ஆண்டுதோறும் சற்றே உயர்ந்துவருவது போலத் தோன்றும். உயர்வது படியன்று, குறைவது தொடையின் வலிமை.

தசை வலிமை வயதோடு குறைவது இயற்கை. அக்குறைவைப் பயிற்சியால் பெரிதும் தடுக்கலாம் என்பதும் உறுதிப்பட்ட செய்தி. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தோர் அனைவரும் நடைப்பயிற்சி போன்றவற்றோடு, உடலின் முக்கியத் தசைகள் அனைத்துக்குமான வலிமைப் பயிற்சியை வாரத்துக்கு 2 நாட்களேனும் மேற்கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. 65 வயதைக் கடந்தோர் விழாமல் இருப்பதற்குச் சமநிலைப் பயிற்சியும் வலிமைப் பயிற்சியும் கலந்த உடற்செயல்களை வாரத்துக்கு 3 நாட்கள் செய்தல் வேண்டும்.

கண்டோஜி ஏரிக்கரையில் காலையில் நடப்பவர் பலர். ஆயினும் 'ஜிம்' என்று வழங்கும் பளுப்பயிற்சிக் கூடத்தின் வாயில்வரை சென்று, உள்ளே நிற்பவர்களின் தோள்களைக் கண்டு திரும்பிவிடுவோரும் உளர். அத்தயக்கம் எங்கிருந்து வருகிறது, அதனை எவ்வாறு கடப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. தயக்கத்தின் வேர்

தென் தமிழகத்துச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல்லை இன்றும் காணலாம். ஊரார் கூடி நிற்க, இளைஞர் அதனைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிந்து தம் ஆற்றலைக் காட்டுவது வழக்கம். தூக்கியவருக்கே பெண் கொடுப்பர் என்றும் சொல்வதுண்டு. தூக்க இயலாதவர் ஊரார் நகைப்புக்கு ஆளாவார். ஆகவே, எடை என்றதும் ஊர் நடுவே நிகழும் தேர்வு ஒன்று தமிழர் மனத்தில் தோன்றுவது வியப்பன்று.

இதற்குப் பின் வந்தது மேடை வீரரின் உருவம். யூஜின் சாண்டோ என்னும் ஐரோப்பிய வலிமை வித்தகர் 1904-05 காலத்தில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து மேடைகளில் தம் உடலாற்றலைக் காட்டினார். உடற்கட்டில் புகழ்பெற்ற கோயம்புத்தூர்த் திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னும் 'சாண்டோ' என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. கையில்லாத உள்ளாடை இன்றும் 'சாண்டோ பனியன்' என்றே விற்கப்படுகிறது. அதனை அணிவோர் எல்லாரும் சாண்டோவாக இருத்தல் வேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. பயிற்சிக் கூடத்துக்குள் நுழைவோரிடமும் அவ்வாறு எதிர்பார்ப்பதற்கில்லை.

போட்டி வேறு, பயிற்சி வேறு. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரு வகைத் தூக்குதலிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அது அரங்கில், நடுவர் முன்னிலையில் நிகழ்ந்த தேர்வு. அடுத்த தெருவிலுள்ள கூடத்தில் நடுவரும் இல்லை, தேர்வும் இல்லை.

2. வலிமை குன்றியோருக்காக வகுத்த முறை

இன்று கூடங்களில் பரவலாக வழங்கும் '10 முறை, 3 சுற்று' என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் தயக்கம் பாதி குறையும். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்த தாமஸ் டிலோர்ம் என்னும் இராணுவ மருத்துவர், வலுவிழந்த கால் தசைகளைப் படிப்படியாக எடை கூட்டிப் பயிற்றினால் வலிமை மீளும் என்பதைக் கண்டு 1945இல் வெளியிட்டார். 1948இல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து அம்முறையைச் சுருக்கி, 10 முறை வீதம் 3 சுற்று என வகுத்தார். முதற் சுற்றில் பாதி எடை, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழு எடை. முழு எடை எனப்படுவது, அந்த நோயாளி சரியாகப் பத்து முறை தூக்க வல்ல எடை. பிறர் தூக்கும் எடைக்கு அக்கணக்கில் இடமே இல்லை.

1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதையொட்டிய மெலிந்த முதியோர் 10 பேருக்கு மரியா ஃபியடரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 8 வாரம் கால்தசைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது, நடையும் விரைவுபெற்றது. தொண்ணூறில் தொடங்கியவருக்கே பயன் விளைந்ததெனில், ஐம்பதில் தொடங்குபவர் காலங்கடந்து வந்தவர் ஆகார்.

எனவே பளுப்பயிற்சி முறை வலிமையுடையோரைப் பாராட்டுவதற்கு ஏற்பட்டதன்று. வலிமை வேண்டுவோருக்கு அதனை அளிப்பதற்கு ஏற்பட்டது. கூடத்துக்குள் நுழையும் புதியவர் பிறர் இடத்தில் புகுந்தவர் அல்லர். எவருக்காக அம்முறை வகுக்கப்பட்டதோ அவரே அவர்.

3. பிறர் பார்வை எவ்வளவு?

'எல்லாரும் என்னையே பார்ப்பார்கள்' என்பது புதியவரின் பொதுவான எண்ணம். இதனை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்த ஆய்வாளரும் சோதித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். கூச்சம் தரத்தக்க பாடகர் ஒருவரின் படம் பொறித்த சட்டையை ஒரு மாணவருக்கு அணிவித்து, பிற மாணவர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினர். தம் சட்டையை ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பர் என அணிந்தவர் கருதினார். உண்மையில் கவனித்தோர் நால்வரில் ஒருவர் அளவே.

பயிற்சிக் கூடத்திலும் ஏறக்குறைய இதுவே நிலை. கண்ணாடி முன் நிற்பவர் தம் தோளைப் பார்க்கிறார். மற்றொருவர் எண்ணிக்கை தவறாதிருக்க உதட்டை அசைக்கிறார். வேறொருவர் மூச்சு வாங்கியபடி வெறுமனே நோக்குகிறார், அந்நோக்கு எவர்மீதும் இல்லை. நாலில் ஒருவர் பார்த்தாலும் அது கேலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாலை வேளைகளில் தெருவோரம் ஆடப்பெறும் சின்லோன் வட்டத்தை நினைவிற்கொள்க. அதில் எதிரணி இல்லை. பிரம்புப் பந்து தரையில் விழுந்தால் எடுத்து மீண்டும் தொடங்குவர். கூடத்திலும் புதியவர் கொள்ளத்தக்க மனநிலை அதுவே.

4. செல்லுமுன் செய்யத்தக்கவை

முதலாவது, பயிற்சிக்கு முன் ஒரு நாள் கூடத்தைப் பார்த்துவர மட்டும் செல்க. கூட்டம் குறைந்த நேரம் எது, மகளிருக்குத் தனி நேரமோ பெண் பயிற்றுநரோ உண்டா, தொடக்கப் பயிற்சி கட்டணத்தில் அடங்குமா என வினவுக. பயிற்றுநரைச் 'சயா' என்றும் பெண்ணாயின் 'சயாமா' என்றும் அழைத்து, "நான் புதியவர், காட்டித் தாருங்கள்" என்று கேட்பதில் குறைவேதும் இல்லை. அச்சொல்லே ஆசிரியரைக் குறிப்பது; கற்பிப்பது அவர் கடமை.

இரண்டாவது, ஆண்டுச் சந்தாவில் உடனே கையொப்பமிட வேண்டா. முதலில் ஒரு நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ செலுத்துக. சந்தா படிவம் பர்மிய மொழியில் இருப்பின், படித்துப் பொருள் உணர்ந்த பின்னரே ஒப்பமிடுக. இடையில் நின்றால் பணம் திரும்புமா, நோயுற்றால் நாட்கள் நீட்டிக்கப்படுமா, தனிப் பயிற்றுநர் கட்டணம் வேறா என்னும் மூன்றையும் எழுத்தில் காண்க. பற்றுச்சீட்டைப் பாதுகாக்க.

மூன்றாவது, உடை. தளர்வான மேற்சட்டை, முழுக்காற்சட்டை, வழுக்காத காலணி, ஒரு துண்டு, ஒரு தண்ணீர்ப் புட்டி போதும். லுங்கியும் நீண்ட துப்பட்டாவும் இயந்திரத்தில் சிக்கக்கூடும், அவற்றைத் தவிர்க்க.

நான்காவது, எடையை அறிந்த அளவையால் எண்ணிப் பார்க்க. மியன்மார் சந்தையில் வழங்கும் வீசை ஏறத்தாழ 1.63 கிலோ. 5 கிலோ டம்பெல் என்பது மூன்று வீசை அளவே. சந்தையிலிருந்து ஐந்து வீசைச் சுமையுடன் நான்கு மாடி ஏறும் இல்லத்தரசி, கூடத்தில் பலர் தொடங்கும் எடையை முன்னரே கடந்தவர். மாறாக, பார்பெல்லின் நீண்ட கம்பி தட்டு ஏதும் இல்லாமலே 20 கிலோ, அதாவது பன்னிரண்டு வீசை இருக்கக்கூடும்; அதனை முதல் நாளில் தொட வேண்டிய தேவையில்லை. சில எடைகளில் கிலோவும் சிலவற்றில் பவுண்டும் பொறித்திருக்கும். 10 பவுண்டு என்பது 4.5 கிலோ. பார்த்து எடுக்க.

5. முதல் நான்கு வாரங்கள்

வாரத்துக்கு இரு நாட்கள், இடையில் இரு நாளேனும் ஓய்வு. எடுத்துக்காட்டாகச் செவ்வாயும் வெள்ளியும். ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் போதும். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிய பின் பின்வரும் ஐந்தையும் செய்க.

அ. உட்கார்ந்து எழுதல்: பெஞ்சின் முன் நின்று, மெல்ல அமர்ந்து, கையூன்றாமல் எழுதல். பிள்ளையார் முன் தோப்புக்கரணம் இட்ட எவருக்கும் இது புதிதன்று.

ஆ. தள்ளுதல்: மார்புக்கு நேரே தள்ளும் இயந்திரம், அல்லது சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டால்.

இ. இழுத்தல்: அமர்ந்தபடி பிடியை வயிற்றை நோக்கி இழுக்கும் இயந்திரம்.

ஈ. குனிந்து எடுத்தல்: முதுகு வளையாமல் இடுப்பை மடித்து, இலேசான டம்பெல்லைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்தல்.

உ. சுமந்து நடத்தல்: இரு கைகளிலும் சம எடை ஏந்தி நிமிர்ந்து நடத்தல். படியேறுவோருக்கு இதனினும் பயனுள்ளது அரிது.

முதல் வாரம் ஒவ்வொன்றிலும் 10 முறை வீதம் ஒரு சுற்று. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் இரு சுற்று. நான்காம் வாரம் மூன்று சுற்று. சுமந்து நடப்பதற்கு மட்டும் 10 முறைக்குப் பதில் அரை நிமிடம். சுற்றுகளுக்கிடையே ஒன்றிரண்டு நிமிட ஓய்வு வேண்டும். பத்தாவது முறை முடிந்தபின் இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய இயலும் என்று தோன்றும் எடையே உரிய எடை. அடுத்தடுத்த இரு நாட்களில் 12 முறை எளிதாக வந்தால் மிகச் சிறிய அளவு கூட்டுக. செய்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. கையில் குறிப்பேடு உள்ளவருக்கு அடுத்து என்ன செய்வது எனத் திகைத்து நிற்க நேராது. திகைப்பு நீங்கினால் கூச்சமும் பெரும்பாலும் நீங்கும்.

இந்நகரில் மின்தடை எதிர்பாராது வரும். ஓடுபொறி நின்றுவிடும், டம்பெல்லுக்கு மின்சாரம் வேண்டா. ஆயினும் இருள் சூழ்ந்தால் எடையை உடனே கீழே வைத்து, கண் பழகும்வரை நிற்க. காற்றாடி இல்லாத சித்திரை வெயிலில் சுற்றுகளைக் குறைத்து, தண்ணீரை மிகுதியாகப் பருகுக. தசை வளர்ச்சிக்கு விலையுயர்ந்த புரதப்பொடி கட்டாயமன்று. தேநீர்க் கடையில் நானுடன் கிடைக்கும் வேகவைத்த பயறு, முட்டை, மீன், பருப்பு ஆகியன நல்ல புரத உணவுகள்.

6. கூடத்தின் ஒழுங்கு

ஒழுங்கை அறிந்தவரை எவரும் அயலாராகக் கருதார். எடுத்த எடையை எடுத்த இடத்தில் வைக்க. வியர்வை பட்ட பெஞ்சைத் துண்டால் துடைக்க. இயந்திரத்தின்மேல் துண்டு கிடந்தால் அருகிலிருப்பவரிடம் முடிந்ததா எனக் கேட்டபின் அமர்க. எடை தூக்குபவருக்கும் கண்ணாடிக்கும் இடையே குறுக்கே செல்ல வேண்டா. இயந்திரத்தில் அமர்ந்தபடி கைபேசி பார்த்தல் தகாது. வேண்டாத அறிவுரை எவரேனும் கூறின் நன்றி சொல்லி, பயிற்றுநர் காட்டியபடியே தொடர்க. அறிவுரை கேலியாகவோ தொல்லையாகவோ மாறினால் பொறுத்துக்கொள்ளுதல் கடமையன்று, பொறுப்பாளரிடம் முறையிடுக. பயன் இல்லையேல் வேறு கூடம் நாடுக.

7. உடல்நல எச்சரிக்கை

இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டு நோய் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக. எடையை உயர்த்தும்போது மூச்சை வெளியே விடுக, அடக்க வேண்டா. பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசையில் வரும் மந்தமான வலி இயல்பு. சில நாளில் தானே மறையும். மூட்டில் குத்தும் வலி இயல்பன்று. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூச்சுத்திணறல் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுக.

முடிவாக

இளவட்டக்கல் ஒரே முறையில் தூக்கப்பட வேண்டியது. தவறினால் ஊர் அறியும். எடைத்தட்டு அத்தகையதன்று. இன்று இயலாதது அடுத்த மாதம் இயலும். இடையில் எவரும் கணக்குக் கேட்பதில்லை. நான்கு வாரம் கழித்து, வழக்கமான சுமையுடன் படியேறுபவர் மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்காமல் நான்காவதற்குச் செல்வாராயின், அப்பயிற்சியின் பயன் அதுவே. அதனைக் காண அங்கு எவரும் இருக்க வேண்டிய தேவையில்லை.

மீள்பார்வை வினாக்கள்

1. இளவட்டக்கல்லைத் தூக்குதலுக்கும் பளுப்பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. '10 முறை, 3 சுற்று' என்னும் முறை எத்தகையோருக்காக வகுக்கப்பட்டது?
3. சந்தாவில் ஒப்பமிடுமுன் எழுத்தில் காண வேண்டிய மூன்று செய்திகள் யாவை?
4. தம் வீட்டுப் படிகளில் வாரந்தோறும் ஏற்றும் சுமை எத்தனை வீசை, எத்தனை கிலோ எனக் கணக்கிட்டு எழுதுக.