எழுத்து மாறினால் மொழி மாறுமா?

மாணவர்களே! ஆம்பூர், வாணியம்பாடிக் கடைத்தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? சில பெயர்ப்பலகைகளில் தமிழ், ஆங்கிலத்துடன் உருதுவும் இருக்கும். வலமிருந்து இடமாகச் செல்லும் உருது எழுத்து, அரபு எழுத்திலிருந்து வளர்ந்தது. அரபு எழுத்தில் தமிழையும் எழுதினார்கள் என்றால் நம்புவீர்களா? அதற்கு அரபுத் தமிழ் அல்லது அர்வி என்று பெயர்.

ஒரு சிறு சோதனை செய்வோம். அரபு மொழிக்கு 28 எழுத்துக்கள். அவற்றைக் கொண்டு 'பழம்' என்று எழுத முடியுமா? அரபியில் 'ப' இல்லை, 'ழ'வும் இல்லை. 'ம்' மட்டுமே மிஞ்சும்! 'வலி', 'வளி', 'வழி' ஆகிய மூன்றும் ஒன்றாகிவிடும். எகர, ஒகரக் குறிகளும் அதில் இல்லை. ஆகவே 'கொடை'க்கும் 'குடை'க்கும் வேறுபாடு தெரியாது.

இதற்கு என்ன வழி? புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புது எழுத்துக்கள் ஆக்கினார்கள். பாரசீகர் இவ்வாறே ப, ச போன்ற ஒலிகளுக்காக 4 எழுத்துக்களைச் சேர்த்தனர். உருதுவில் 'வாணியம்பாடி' என்று எழுதும்போது, 'டி' வருமிடத்திலுள்ள எழுத்தின் தலையில் ஒரு சிறு குறி இருக்கும். அதுவும் பிற்காலச் சேர்க்கையே.

தமிழ் எழுத்தே இருக்க, அர்வி எதற்கு? அரபியில் 'ஸ' போல நம் காதில் விழும் ஒலிகள் பல உண்டு; ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து. தமிழில் எழுதினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். தமிழோடு அரபுச் சொற்களும் கலந்த சமய நூல்களை எழுத அர்வி வசதியாக இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினார். இலங்கையிலும் இது வழங்கியது.

அருணாசலப் பிரதேசம், மியன்மார், சீனம் ஆகிய இடங்களில் வாழும் லிசு மக்களின் எழுத்தும் இத்தகையதே. 1915 அளவில் உருவான அதில், ரோமன் எழுத்து நேராக நின்றால் ஓர் ஒலி. தலைகீழாக நின்றால் வேறோர் ஒலி! குரலின் ஏற்ற இறக்கத்தால் சொற்பொருள் மாறும் மொழி அது. ஆகவே முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் அங்கே சுரக்குறிகள்.

ஆக, எழுத்து என்பது மொழிக்குச் சட்டை, அளவுக்கேற்பத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் படிப்பவர் இல்லாவிட்டால் எழுத்து ஊமையாகிவிடும். அர்வி படிக்கத் தெரிந்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். வீட்டுப் பெட்டியில் பழைய நூல் ஒன்று கிடைத்தால், அரபு என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். தெரிந்த பெரியவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். காதில் விழுவது தமிழாக இருக்கலாம்!