கடைசியா எப்பம்மா குடிச்சார்?

உங்கள் வீட்டுக்காரரும் குடிப்பார், நீங்களும் மறைப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

எனக்கு ஆயக்குடி. அங்கன்வாடியில் வேலை. வீட்டுக்காரருக்குக் கொய்யாச் சந்தையில் பெட்டி ஏற்றுகிற வேலை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பாதயாத்திரைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போகும் ஒரு வெள்ளிக்கிழமை காலை, லாரியிலிருந்து வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிவு. ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, ரத்தம் எடுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை.

வார்டில் சின்ன டாக்டர் ஒருவர் கேஸ் ஷீட் எழுத வந்தார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டுவிட்டு, அதே சத்தத்தில் "குடிப்பழக்கம்?" என்றார். பக்கத்தில் என் மகளுக்குப் பேசி வைத்திருந்த இடத்துச் சம்பந்தியம்மா, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்றிருந்தார்.

"இல்லைங்க சார். விசேஷத்துக்குக்கூடத் தொடமாட்டார்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதல் ராத்திரி டம்ளர் பிடித்த கை நடுங்கியது. வலி என்று நினைத்தேன். மறுநாள் சட்டை பிழிகிற அளவு வியர்வை, பொட்டுத் தூக்கமில்லை. காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் ராத்திரி போர்வையிலிருந்து எதையோ பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்து, கட்டிலின் வலது பக்கம் சிலதும் இடது பக்கம் சிலதும் போட்டார். காய் தனியாக, பழம் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "வண்டி கிளம்பப்போகுது, பெட்டியை எடு" என்று என்னை அதட்டினார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்டிருந்த எடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முறிந்த காலை ஊன்றி எழுந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கையைக் காஸ் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அடுத்த கட்டில்காரர்கள் திருநீறு கொண்டுவந்தார்கள். விடிந்ததும் பெரிய டாக்டர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுத, என் கொழுந்தனார் குதித்தார். "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறாங்க அண்ணி, ஒத்துக்காதீங்க." நானும் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "என் புருசன் பைத்தியமில்லை" என்று சத்தம் போட்டேன். அரை நாள் அதிலேயே போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஒரு ராத்திரிகூட வராத கொழுந்தனாருக்கு யோசனை சொல்வதில் மட்டும் குறைவில்லை.

நான் போகாவிட்டாலும் மனநல டாக்டரம்மா கட்டிலுக்கே வந்தார். வீட்டுக்காரர் கையைப் பிடித்து நடுக்கம் பார்த்தார். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஒரே கேள்வி கேட்டார்: "கடைசியா எப்பம்மா குடிச்சார்?" குடிப்பாரா என்று கேட்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வியாழன் ராத்திரி, தினமும் ஒரு குவார்ட்டர், கூலி கூடினால் இரண்டு, பத்து வருஷமாக.

தினமும் குடிக்கிற உடம்புக்குத் திடீரென்று நின்றுபோனால், சாராயம் அமுக்கி வைத்திருந்த மூளை துள்ளி எழுந்துவிடுமாம். சில மணி நேரத்தில் நடுக்கம், ஒன்றிரண்டு நாளில் வலிப்புகூட வரலாம், இரண்டு மூன்று நாளில் இந்தப் பிதற்றல். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். முதல் நாளே தெரிந்திருந்தால், மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, இவ்வளவு தூரம் வராமல் பார்த்திருக்கலாம் என்றார். குடிக்கிறவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் பி1 வைட்டமின் ஊசியும் போட வேண்டுமாம். என் ஒரு 'இல்லை'யால் இவருக்கு வெறும் குளுக்கோஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து மாறிய மூன்றாம் நாள், "பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

ஆனால் எலும்பு விலகிவிட்டது. ஆபரேஷன் தள்ளிப்போய், இன்று அவருக்கு ஒரு கால் ஒரு விரல்கடை அளவு குட்டை.

கீழ்ப்பாக்கம் என்று பயந்தேனே, சென்னையின் அந்த மனநல ஆஸ்பத்திரி 1794-ல் வந்தது. எங்களுக்கு எழுதிய சீட்டு அங்கே போக இல்லை, இதே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குத்தான். பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே மனநலப் பிரிவு என்பதுகூட நம் நாட்டில் 1933-லேயே கல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் தொடங்கிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். மதுரையில் டாக்டர் வெங்கோபராவ் பொது ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே மனச்சோர்வையும் முதியோர் மனநலத்தையும் ஆராய்ந்தவராம். கொழுந்தனாரிடம் இதைச் சொன்னேன். போன் வந்துவிட்டது என்று வெளியே போய்விட்டார்.

சீட்டு எழுதினால் அன்றைக்கே போங்கள். எத்தனை குவார்ட்டர், கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள்; கூச்சமாக இருந்தால் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ராத்திரி துணைக்கு ஆள் மாற்றாதீர்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். குடிக்காதவர்களும் பிதற்றுவார்கள்: எதிர்க் கட்டில் பாட்டிக்குப் பேய் என்று கயிறு கட்டினார்கள், ரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்திருந்தது. குடியை மறக்கடிக்கிறேன் என்று சோற்றில் மாத்திரை கலக்காதீர்கள். அதன் மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. ஹார்லிக்ஸ் பாட்டிலை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

போன மாதம் தங்கச்சி வீட்டுக்காரரைக் குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்த்தார்கள். டாக்டர் கேட்டதும் தங்கச்சி "இல்லைங்க" என்று வாயெடுத்தாள். "தினமும் இரண்டு குவார்ட்டர், நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு" என்று நான் குறுக்கே சொன்னேன். அவள் மாமியார் அங்கேதான் நின்றிருந்தார். அன்று சாயங்காலமே மாத்திரை ஆரம்பித்து, ஆபரேஷனைத் தள்ளிவைத்து, ஒரு பிதற்றலும் இல்லாமல் முடித்து அனுப்பினார்கள். தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறாள்.