மூக்குக் கண்ணாடி: சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கிட்டப்பார்வை என்று டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். "வளரும் பிள்ளைதானே, கொஞ்சம் பெரிய சட்டமாக வாங்கினால் இரண்டு வருடம் தாங்கும்" என்று, பாவாடைக்கு மடிப்பு விட்டுத் தைப்பது போல் நான் கணக்குப் போட்டேன். கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கி வந்தது. குழந்தை அதற்கு மேலாகவே பார்த்துப் பழகிவிட்டாள். மூன்று மாதம் கழித்து, "கரும்பலகையில் எழுதுவதை இவள் பார்த்து எழுதுவதில்லை" என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். மறுபடியும் சோதித்தபோது பவர் சரியாகவே இருந்தது. நான் வாங்கிய சட்டம்தான் தவறு. அந்த அனுபவமே இந்தப் பாடம்.

சட்டம் வெறும் அலங்காரம் என்று பலரும் நினைக்கிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இத்தாலியில் 1286ஆம் ஆண்டளவில் மூக்குக் கண்ணாடி தோன்றியது. நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சாளுவ நரசிம்மர் காலத்தில் திருமலையில் 12 ஆண்டுகள் பூஜைப் பொறுப்பில் இருந்தவர் என்று மத்வ மரபு போற்றும் வியாசராயர், 1520ஆம் ஆண்டளவில் கண்ணாடி கொண்டு சுவடி படித்ததைச் சோமநாதரின் 'வியாசயோகி சரிதம்' குறிப்பதாக ஆய்வாளர் பி.கே.கோடே எடுத்துக்காட்டினார். ஆனால் அக்காலக் கண்ணாடிகளுக்குக் காதில் மாட்டும் கம்பி கிடையாது. கையில் பிடிக்க வேண்டும், அல்லது மூக்கில் கவ்வ வைக்க வேண்டும். காதுக் கம்பி லண்டனில் வந்தது 1730ஆம் ஆண்டை ஒட்டித்தான். லென்ஸ் கிடைத்த பிறகும், அதை முகத்தில் நிறுத்த மனிதனுக்கு 400 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

இனி, கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. எண்களைப் படியுங்கள். காதுக் கம்பியின் உட்புறத்தில் 48, 18, 135 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. முதலாவது ஒரு லென்ஸின் அகலம்; இரண்டாவது மூக்கின் மேல் அமரும் இடைவெளி; மூன்றாவது கம்பியின் நீளம். முதல் இரண்டையும் கூட்டினால் 66. இது உங்கள் இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒட்டி இருப்பது நல்லது. கண்மணிக்கு நேரே லென்ஸின் மையம் வராவிட்டால், பவர் கூடக் கூடத் தலைவலியும் கண் சோர்வும் வரும்.

2. பவருக்கு ஏற்ற வடிவம். கிட்டப்பார்வை லென்ஸ் ஓரத்தில் தடிக்கும். ஆகவே பவர் அதிகமுள்ளவர்கள் சிறிய, வட்டமான சட்டம் வாங்கினால் கனமும் தடிப்பும் குறையும். விளிம்பில்லாச் சட்டம் இவர்களுக்கு வேண்டாம்.

3. வெள்ளெழுத்து. தெலுங்கில் 'சத்வாரம்' என்பார்கள். நாற்பதைத் தாண்டினால் ஊசியில் நூல் கோப்பதும், தறியில் அறுந்த இழையை முடிவதும் சிரமம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், கிட்டத்துக் கண்ணாடி அணிந்தவர்களின் கொழுந்து பறிப்பு, அணியாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. நகரி, புத்தூர் பக்கம் தறி ஓட்டும் நம்மவர்களும் இதை யோசிக்க வேண்டும். தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே கண்ணாடி போடுவோர், உயரம் குறைந்த சட்டம் வாங்கினால் கீழே உள்ள படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுவிடும்.

4. வியர்வையும் தோலும். நம் ஊர் வெயிலில் மலிவான உலோகச் சட்டம் பச்சை பூக்கும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பும் கருமையும் வரும். அவர்களுக்கு பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் ஏற்றது.

5. குழந்தைகளுக்கு. எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், மூக்கை நன்றாகத் தாங்கும் சட்டம், சிறு பிள்ளையானால் பின்னால் கட்டும் பட்டை ஆகியவை அவசியம். ஏழெட்டு வயது வரை பார்வை வளரும் காலம். அப்போது கண்ணாடி சரியாக நிற்காவிட்டால், பலவீனமான கண் பழக்கமின்றி 'சோம்பல் கண்' ஆகிவிடலாம். வளர்ச்சிக்கு இடம் விட்டு வாங்காதீர்கள். இன்றைய முகத்துக்கு வாங்குங்கள். நிறத்தை மட்டும் குழந்தையின் விருப்பத்துக்கு விடுங்கள்; பிடித்ததைத்தான் அது போட்டுக்கொள்ளும்.

கடையிலேயே செய்து பார்க்கும் சோதனை: கண்ணாடியை மாட்டிக் குனியுங்கள், தலையை ஆட்டுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். நழுவக் கூடாது, கன்னத்தில் இடிக்கக் கூடாது, இமைமுடி லென்ஸில் படக் கூடாது, கம்பி பொட்டை அழுத்தக் கூடாது. கண் லென்ஸின் நடுவை ஒட்டி இருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று தவறினாலும் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

நம் பிள்ளைகள் பள்ளியில் மூக்குக் கண்ணாடியைத் தெலுங்கில் 'கள்ளஜோடு' என்று சொல்லப் பழகுகிறார்கள். கண்களின் ஜோடி என்பது அதன் பொருள். தமிழ்க் காதுக்கோ 'கள்ள' ஜோடு என்று கேட்கும்! முகத்துக்குப் பொருந்தாத கண்ணாடிக்கு அந்தப் பெயர் தகும். இன்று மாலை உங்கள் பிள்ளை படிக்கும்போது கவனியுங்கள்: அது கண்ணாடி வழியாகப் பார்க்கிறதா, அதற்கு மேலாகப் பார்க்கிறதா?